நூற்றுக்கு 98 தமிழர்: ஓர் ஊரின் இனக் கணக்கை எப்படி வாசிப்பது?

2024 கடைசியில் குடிசன மதிப்பீட்டுக்காக, அதாவது சனத்தொகைக் கணக்கெடுப்புக்காக, யாழ்ப்பாண நகரத்துக்குப் பக்கத்தில் கொக்குவிலில் பெரியம்மா வீட்டுப் படலைக்கு ஒரு பிள்ளை வந்தது. பெயர், வயது, பிறந்த இடம் என்று எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. “இனம் என்ன அம்மா?” என்று கேட்டதும் பெரியம்மா ஒரு பெருமூச்சு விட்டார்.

“இனசனமெண்டு இஞ்ச ஆர் பிள்ளை இருக்கினம்? எல்லாரும் கனடா.”

அந்தப் பிள்ளை சிரித்துவிட்டு ‘இலங்கைத் தமிழர்’ என்று பதிந்தது. எனக்கும் சிரிப்புத்தான். ஆனால் பெரியம்மா சொன்னது பிழையான பதில் இல்லை. எங்கள் ஊரில் இனம் என்றால் முதலில் உறவுக்காரர்தான். கேள்வி ஒன்று, கேட்டவருக்கு ஒரு பொருள், சொன்னவருக்கு வேறு பொருள்.

இதே குழப்பம் தேநீர்க் கடையிலும் முகநூலிலும் தினமும் நடக்கிறது. “யாழ்ப்பாணம் 98 வீதம் தமிழர்” என்கிறார் ஒருவர். “அதெல்லாம் அந்தக் காலம், இப்ப ரவுணைச் சுத்தி எல்லாம் கலந்துபோச்சு” என்கிறார் இன்னொருவர். இருவரும் எண்ணைப் பற்றிச் சண்டை பிடிக்கிறார்களே தவிர, அந்த எண்ணில் யாரை, எங்கே, எப்போது எண்ணினார்கள் என்று கேட்பதில்லை. ஓர் ஊரின் ‘இனக் கட்டமைப்பு’ என்பது அந்த ஊரில் வசிப்பவர்களை இனவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவும் நூற்றுக்கு எத்தனை என்று சொல்லும் கணக்கு. அவ்வளவுதான் வரைவிலக்கணம். சிக்கல் முழுக்க அதற்குள்ளே இருக்கிறது.

ஒரு சொல்லுக்கு நாலு வேலை

தமிழில் ‘இனம்’ என்ற சொல்லுக்கு வேலை அதிகம். இனசனம் என்றால் உறவு. மாட்டுக்கும் மாம்பழத்துக்கும் இனம் உண்டு. மேடையில் ‘எம் இனம்’ என்றால் அரசியல். படிவத்தில் ‘இனம்’ என்றால் அரசு வைத்திருக்கும் ஒரு பெட்டி. ஆகவே மூன்று சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்வோம்.

மரபினம் என்பது தோல் நிறம், முடி, முக அமைப்பு போன்ற வெளித் தோற்றத்தை வைத்து மனிதரைக் கறுப்பர், வெள்ளையர் என்று பிரித்த பழைய வகைப்பாடு. உயிரியல் இதற்குத் தெளிவான கோடு எதையும் தரவில்லை. ஆனாலும் சில நாடுகளின் படிவங்களில் இன்றும் இருக்கிறது.

இனக்குழு என்பது பொதுவான மொழி, பூர்விகம், வரலாறு, வழக்கம் ஆகியவற்றால் ‘நாங்கள் ஒரு கூட்டம்’ என்று தங்களை நினைப்பவர்களும், மற்றவர்களால் அப்படி நினைக்கப்படுபவர்களும். இலங்கைப் படிவத்தில் ‘இனம்’ என்று இருப்பது பெரும்பாலும் இதுதான்.

மூன்றாவது குடியுரிமை, அதாவது எந்த நாட்டுக் கடவுச்சீட்டுக்கு உரித்துடையவர் என்பது. பெரியம்மாவின் மகன் கனடாக் குடிமகன். அதனால் அவர் தமிழர் இல்லை என்று ஆகிவிடாது.

மதமும் மொழியும் இவற்றிலிருந்து வேறு. குருநகரிலும் பாசையூரிலும் கத்தோலிக்கர் நிறையப் பேர். நல்லூரில் சைவர் நிறையப் பேர். இனக் கணக்கில் இரண்டு ஊருக்கும் ஒரே பெட்டிதான், மதக் கணக்கில் வேறு வேறு. யாழ்ப்பாண மாவட்டத்தில் ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்று அதிகமானோர் இந்துக்கள், மிச்சத்தில் பெரும்பகுதி கிறிஸ்தவர்கள். ‘98 வீதம் தமிழர்’ என்பதை ‘98 வீதம் சைவர்’ என்று எடுத்துக்கொள்பவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டுமென்றால் சோனகதெருவுக்குப் போக வேண்டும். அங்குள்ள முஸ்லிம் வீட்டில் பேசுவது தமிழ். ஓஸ்மானியாக் கல்லூரியில் படிப்பது தமிழில். படிவத்தில் மட்டும் ‘இலங்கைச் சோனகர்’. மொழியை வைத்து எண்ணினால் ஒரு கணக்கு, இனத்தை வைத்து எண்ணினால் வேறொரு கணக்கு. இது இன்று நேற்று வந்த விவாதமும் இல்லை. 1888இல் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதன், சோனகர் இனத்தால் தமிழரே, மதத்தால்தான் வேறு என்று வாதிட்டார். 1907இல் சோனகர் தரப்பிலிருந்து ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் அதை மறுத்து, தங்களுக்குத் தனி மரபு உண்டு என்று எழுதினார். நாட்டின் கணக்கெடுப்பு சோனகரைத் தனிப் பெட்டியிலேயே வைத்திருக்கிறது. யார் சரி என்று தீர்ப்புச் சொல்வது இந்தக் கட்டுரையின் வேலை இல்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ‘நாங்கள் யார்’ என்பதற்கு அவர்கள் தங்கள் வாயால் சொன்ன பதில்தான் கணக்கில் நிற்கிறது.

இதுவரை சொன்னதன் சாரம்: தோற்றம், கூட்டம், கடவுச்சீட்டு, மதம், மொழி எல்லாம் தனித்தனிக் கேள்விகள். இனக் கணக்கு கேட்பது இரண்டாவதை மட்டும்.

கூழ்ப்பானையும் பெட்டிகளும்

ஒடியற்கூழ் காய்ச்சினால் பானைக்குள் என்னென்ன போகும்? மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி. சரி, இந்தக் கூழில் நூற்றுக்கு எத்தனை பங்கு நண்டு? நண்டையும் இறாலையும் மீனையும் தனித்தனியாக எண்ணினால் நண்டு சொற்பம். எல்லாவற்றையும் ‘கடற்சாமான்’ என்று ஒரு பெட்டியில் போட்டால் அதுதான் பெரும்பான்மை. பானையில் ஒன்றும் மாறவில்லை. மாறியது பெட்டி.

குடிசன மதிப்பீட்டிலும் இதேதான். 2012 கணக்கெடுப்பில் சிங்களவர், இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர், இலங்கைச் சோனகர், பறங்கியர், மலாயர், இலங்கைச் செட்டி, பரதர், ஏனையோர் என்று ஒன்பது பெட்டிகள். ஏதோ ஆதியிலிருந்தே இருந்த பிரிவுகள் போல இவை தெரியும். அப்படியில்லை. இலங்கையில் 1871இல் தொடங்கிய நவீனக் கணக்கெடுப்புகளில் முதலில் தமிழர் என்று ஒரே பெட்டிதான் இருந்தது. தோட்டங்களுக்கு வந்தவர்களையும் அதற்கு முன்பே இங்கிருந்தவர்களையும் பிரித்து ‘இலங்கைத் தமிழர்’, ‘இந்தியத் தமிழர்’ என்று இரண்டாக்கியது 1911இல். சிங்களவர் பக்கத்தில் இதற்கு நேர்மாறு. கரைநாட்டுச் சிங்களவர், கண்டிச் சிங்களவர் என்று 1971 வரை தனித்தனியாக எண்ணப்பட்டவர்கள் 1981இல் ஒரே பெட்டிக்குள் வந்தார்கள். ஒரு பக்கம் ஒன்று இரண்டானது, மறுபக்கம் இரண்டு ஒன்றானது. எங்கே கோடு கீறுவது என்பது அலுவலகத்தில் எடுக்கும் முடிவு.

இரண்டாவது விசயம், பெட்டியைத் தெரிவு செய்வது யார்? இரத்தம் எடுத்துப் பார்ப்பதில்லை. வீட்டில் உள்ளவர் என்ன சொல்கிறாரோ அதையே எழுதுவது வழக்கம். இதற்குப் பெயர் தன்னடையாளம், அதாவது ஒருவர் தன்னைப் பற்றித் தானே சொல்லும் இன அடையாளம். அதனால் ஒருவர் வீடு மாறாமலே, பிறப்பும் இறப்பும் இல்லாமலே, ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குப் போகலாம்.

போயும் இருக்கிறார்கள். நாட்டில் 1971இல் நூற்றுக்கு 9க்கு மேல் இருந்த இந்தியத் தமிழர் 1981இல் 5.5 ஆனார்கள். 2012இல் 4ஐ ஒட்டி வந்துவிட்டார்கள். முதல் வீழ்ச்சிக்குப் பெரிய காரணம் எல்லாருக்கும் தெரியும்: 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி பெருந்தொகையானோர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். ஆனால் அது மட்டுமல்ல. இங்கேயே இருந்தவர்களில் ஒரு பகுதியினர், குறிப்பாகத் தோட்டத்தை விட்டு வடக்குக்கும் நகரங்களுக்கும் வந்தவர்கள், தங்களை இலங்கைத் தமிழர் என்று பதிந்தார்கள். மூன்று தலைமுறையாக இங்கே பிறந்து வளர்ந்தவரிடம் ‘இந்தியத் தமிழர்’ என்ற பெட்டியை நீட்டினால் அவர் வேறு என்னத்தைச் செய்வார்?

எங்கள் பக்கத்திலும் பெட்டி பல பேரை விழுங்கித்தான் இருக்கிறது. சாவகச்சேரி என்ற பெயருக்குச் சாவகர், அதாவது ஜாவாப் பக்கத்தவர், இருந்த சேரி என்று பொருள் சொல்வார்கள். நல்லூரில் செட்டித்தெரு இருக்கிறது. யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குப் போன காலத்தில் மலையாளத்துப் போக்குவரத்தும் இருந்தது. இப்படி வந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் போய்விடவில்லை. இன்று அவர்களின் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் பிறப்புச் சான்றிதழில் ‘இலங்கைத் தமிழ்’. யார் வீட்டில் எது கலந்தது என்று அவர்களுக்கே தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இல்லை.

சுருக்கமாக: வீதம் வருவதற்கு முன்பே பெட்டிகள் வந்துவிடுகின்றன. பெட்டியை அரசு செய்கிறது, அதற்குள் போவது அவரவர் வாய்மொழி.

புறநகர் எங்கே தொடங்குகிறது?

‘புறநகர்’ என்ற சொல்லை யாழ்ப்பாணத்தில் யாரும் பேசக் கேட்டதில்லை. “ரவுணுக்குப் போட்டு வாறன்” என்று சொல்கிற ஆள் எங்கிருந்து கிளம்புகிறாரோ, அதுதான் எங்கள் புறநகர். கொக்குவில், திருநெல்வேலி, கோண்டாவில், அரியாலை, கொஞ்சம் தள்ளி உரும்பிராய், கோப்பாய்.

கணக்குக்கு இது போதாது. கணக்குக்கு எல்லை வேண்டும். எல்லையோ ஒன்றல்ல. நல்லூர் என்று சொன்னால் ஒருவருக்குக் கந்தசுவாமி கோயில் வீதி நினைவுக்கு வரும். அது மாநகரசபைக்குள் இருக்கிறது. நல்லூர்ப் பிரதேச சபை என்றால் திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில் பக்கம். நல்லூர்ப் பிரதேச செயலகப் பிரிவு என்றால் இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம். ஒரே பெயரில் மூன்று வட்டம். புள்ளிவிபர அட்டவணையில் ‘நல்லூர்’ என்று பார்த்தால் எந்த நல்லூர் என்று கேளுங்கள்.

மாவட்டத்தில் 15 பிரதேச செயலகப் பிரிவுகளும் 435 கிராம அலுவலர் பிரிவுகளும் இருக்கின்றன. கிராம அலுவலர் என்றால் எங்கள் ஆச்சிமாருக்கு இன்னமும் ‘விதானையார்’தான். பிரிவு சின்னதாகச் சின்னதாக வீதம் துள்ளும். ஒரு விதானையார் பிரிவில் 1,000 பேர் என்று வைத்துக்கொள்வோம். தமிழர் அல்லாதவர் 10 பேர். நூற்றுக்கு 1. வெளியூரிலிருந்து ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பம் வாடகைக்கு வருகிறது. இப்போது 15 பேர், நூற்றுக்கு ஒன்றரை. இதையே ‘எங்கள் ஊரில் வெளியார் தொகை 50 வீதத்தால் அதிகரிப்பு’ என்று தலைப்புப் போடலாம். பொய் இல்லை. வந்தது ஒரு குடும்பம் மட்டும்தான்.

இப்படியான தலைப்பைக் கண்டால் நான் முதலில் தேடுவது வீதத்தை அல்ல, ஆட்தொகையை.

யார் இருந்தார்கள், யார் போனார்கள்

கட்டுரையில் எனக்கு முக்கியமான இடம் இது. வீதம் என்பது பங்கை மட்டும் சொல்லும், அளவைச் சொல்லாது. 100 பேர் உள்ள ஊரில் 98 தமிழர், 2 மற்றவர். ஊரில் பாதிச் சனம் கிளம்பிப் போகிறது: 49 தமிழர், 1 மற்றவர். மிச்சம் 49, 1. இப்போது வீதம் என்ன? அதே 98. ஊர் பாதியானது அந்த எண்ணுக்குத் தெரியவே தெரியாது.

இது கற்பனைக் கணக்கு. உண்மைக் கணக்கும் கிட்டத்தட்ட இப்படித்தான். இன்றைய எல்லைப்படி, அதாவது 1984இல் தனி மாவட்டமான கிளிநொச்சியைக் கழித்துப் பார்த்தால், 1981இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் சுமார் 7 இலட்சத்து 38 ஆயிரம் பேர். 2012இல் சுமார் 5 இலட்சத்து 83 ஆயிரம். மாநகரசபைப் பகுதியில் 1 இலட்சத்து 18 ஆயிரமாக இருந்தது 88 ஆயிரமாகக் குறைந்தது. முப்பது வருடத்தில் நாட்டின் மொத்தச் சனத்தொகை பெருக, இங்கே தேய்ந்திருக்கிறது. ஆனால் இனவாரி அட்டவணையை மட்டும் பார்த்தால் அப்போதும் நூற்றுக்கு 97க்கு மேல் தமிழர், 2012இல் 98க்கு மேல். ‘பெரிதாக ஒன்றும் மாறவில்லை’ என்று ஒருவர் எழுதிவிட்டுப் போகலாம்.

அந்த இடைவெளியும் சாதாரண இடைவெளி இல்லை. 1991இல் கணக்கெடுப்பு நடக்கவில்லை. 2001இல் நடந்தபோது யாழ்ப்பாணம் அதற்குள் வரவில்லை. 1981க்கும் 2012க்கும் நடுவே 31 வருடம் படமே எடுக்கவில்லை. போரும், 1995 ஒக்டோபரில் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்த இடப்பெயர்வும், வெளிநாட்டுப் பயணங்களும் இரண்டு படத்துக்கும் நடுவில் இருட்டில் நடந்தவை.

அதே இருட்டில் நடந்த இன்னொன்று 1990 ஒக்டோபர். விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். யாழ்ப்பாண நகரத்தவர்களுக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியாலம். பெரும்பாலானோர் புத்தளம் பக்கம் போனார்கள். இப்போது அட்டவணைக்கு வாருங்கள். 1981இல் மாவட்டத்தில் நூற்றுக்கு ஒன்றரை அளவில் இருந்த சோனகர், 2012இல் நூற்றுக்கு அரைக்கும் கீழே, சுமார் 2 ஆயிரம் பேர். அட்டவணையில் ஏறக்குறைய ஒரு புள்ளி அசைவு. கண்ணுக்குப் பிடிபடாது. ஐந்துசந்தியில் இறங்கிச் சோனகதெருவுக்குள் நடந்தால் பிடிபடும். கூரை போன வீடுகள், மரம் முளைத்த சுவர்கள், நடுவில் திருத்திக் கட்டிய ஒன்றிரண்டு. மாவட்டத்துக்கு ஒரு புள்ளி, அந்த ஒழுங்கைக்கு நூறு வீதம். எவ்வளவு பெரிய பானையில் அளக்கிறோம் என்பதில் ஒரு சமூகமே காணாமல் போய்விடக்கூடும்.

2009க்குப் பிறகு திரும்பி வந்தவர்களை எண்ணுவதிலும் ஒரு சிக்கல். வழமையான வதிவிடம் என்பது ஒருவர் பொதுவாக ஆறு மாதமோ அதற்கு மேலோ வசிக்கும் இடம். ஒருவரை ஓரிடத்தில் மட்டும் எண்ணுவதற்காக வைத்த விதி இது. காணியும் பள்ளிவாசலும் இங்கே, பிள்ளைகளின் படிப்பும் பிழைப்பும் புத்தளத்தில் என்று இரண்டு இடத்திலும் கால் வைத்திருப்பவரை இந்த விதி ஒரு பக்கம் தள்ளிவிடுகிறது. அவர் யாழ்ப்பாணத்தவரா என்று அவரைக் கேட்டால் ஆம் என்பார். விதியைக் கேட்டால் இல்லை என்று சொல்லலாம்.

இதே விதியால் வேறு சிலரும் கண்ணுக்குத் தெரிந்தும் கணக்கில் தெரியாமல் போகிறார்கள். கட்டட வேலைக்கு வெளி மாவட்டத்திலிருந்து வந்து மூன்று மாதம் தங்குபவர் இருக்கிறார். 2014இல் யாழ்ப்பாணம் வரை ரயில் திரும்ப ஓடத் தொடங்கிய பிறகு வார இறுதிக்கு வந்துபோகிறவர் தொகை சொல்ல வேண்டியதில்லை. “எல்லாம் கலந்துபோச்சு” என்று சொல்பவர் பார்ப்பது இவர்களை. அவர் பார்ப்பது பொய் இல்லை. தெருவில் தெரியும் ஊரும் வதிவிடக் கணக்கில் தெரியும் ஊரும் ஒன்றல்ல, அவ்வளவே. இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். போருக்கு முந்திய யாழ்ப்பாணத்தில் பேக்கரி என்றாலே தெற்கிலிருந்து வந்த சிங்கள முதலாளி நினைவுக்கு வருமளவுக்கு அவர்கள் இருந்தார்கள். இப்போதுதான் முதன்முதலாகக் கலக்கிறது என்பது வயது குறைந்தவர்களின் நினைப்பு.

மறக்காமல் வைத்துக்கொள்ள: வீதத்தைப் பார்த்தால் ஆட்தொகையையும் பாருங்கள். ஆட்தொகையைப் பார்த்தால் எந்த வருடம், யாரை ‘வசிப்பவர்’ என்று எடுத்தார்கள் என்றும் பாருங்கள்.

கலப்பை எண்ணால் சொல்ல முடியுமா?

முடியும். ஒரு சாக்கில் 98 புளியங்கொட்டை, ஒரு குன்றிமணி, ஒரு சோகி. கண்ணை மூடி ஒன்றை எடுத்து, பார்த்து, திரும்பப் போட்டுவிட்டு இன்னொன்றை எடுங்கள். இரண்டும் வேறு வேறாக வருவதற்கு எவ்வளவு வாய்ப்பு? நூறு முறை எடுத்தால் ஏறக்குறைய நாலு முறை. இந்த எண்ணுக்குப் பன்மைச் சுட்டெண் என்று பெயர். எதேச்சையாகச் சந்திக்கும் இருவர் வெவ்வேறு இனமாக இருக்கும் வாய்ப்பு.

நாடு முழுவதையும் ஒரு சாக்காக எடுத்து, 2012 வீதங்களைப் போட்டால் இது நூற்றுக்கு 42 அளவில் வரும். அதாவது இலங்கை நன்றாகக் கலந்த நாடு. ஆனால் யாழ்ப்பாணத்துக்காரர் நாட்டுச் சாக்கிலிருந்து அயலவரை எடுப்பதில்லை, தன் ஊர்ச் சாக்கிலிருந்துதான் எடுக்கிறார். அங்கே 4க்கும் கீழே. நாட்டளவில் கலப்பு, ஊரளவில் தனித்தனி. கூழில் நண்டு இருக்கிறது, ஆனால் அகப்பை எங்கே போகிறது என்பதைப் பொறுத்து என் பனையோலைப் பிளாவுக்குள் விழாமலும் போகலாம்.

மார்க்கத்தில் நாங்கள் யார்?

சொந்த ஊரை விட்டு வெளியே பார்த்தால் பெட்டிகளின் விளையாட்டு இன்னும் நன்றாகத் தெரியும். பெரியம்மாவின் மகன் இருப்பது ரொறன்ரோவுக்கு வடக்கே மார்க்கம் என்ற புறநகரில். மூன்று இலட்சத்துக்கு மேல் சனம். ஏறக்குறைய பாதிப் பேர் சீன வம்சாவளியினர். அடுத்த பெரிய கூட்டம் தெற்காசியர். கனடாக் கணக்கெடுப்பில் இரண்டு விதமான கேள்வி உண்டு. ஒன்று, உங்கள் முன்னோரின் பூர்விகம் என்ன என்பது. அதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட பதில் எழுதலாம், ‘தமிழ்’ என்றும் எழுதலாம். மற்றது மரபினச் சாயல் கொண்ட பெட்டிகள். வெள்ளையரும் பூர்வ குடிகளும் அல்லாதவர்களை அங்கே ‘கண்ணுக்குத் தெரியும் சிறுபான்மையினர்’ என்று சட்டம் அழைக்கிறது. மார்க்கத்தில் அந்தச் சிறுபான்மையினர் நூற்றுக்கு 80 அளவில்! ஊரில் பெரும்பான்மையாக இருந்துகொண்டே சட்டத்தில் சிறுபான்மை. பெட்டிக்கும் ஊருக்கும் உள்ள தூரத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

அந்தப் பெட்டிகளில் யாழ்ப்பாணத்தவர், கண்டிச் சிங்களவர், லாகூர்க்காரர், குஜராத்தி எல்லாரும் ‘தெற்காசியர்’. இங்கே எதற்காக இத்தனை வருடம் அடிபட்டோமோ, அந்தக் கோடு அந்தப் பெட்டிகளிலேயே இல்லை.

இங்கிலாந்தில் இந்தியர், பாகிஸ்தானியர், வங்காளதேசத்தவர், சீனர் என்று பெட்டிகள் உண்டு. எங்களுக்கு ‘வேறு ஆசியர்’ என்பதைத் தெரிந்துவிட்டுப் பக்கத்தில் எழுத வேண்டும். பிரான்ஸ் இன்னும் ஒரு படி மேல். அங்கே கணக்கெடுப்பில் இனத்தைக் கேட்பதே இல்லை. பிறந்த நாடு, குடியுரிமை போன்றவைதான் கேள்வி. பாரிஸில் லா சப்பலில் பிள்ளையார் தேர் இழுக்கும்போது எத்தனை ஆயிரம் தமிழர் என்று கண்ணால் பார்க்கலாம். அரசாங்கக் கணக்கெடுப்பில் ‘தமிழர்’ என்று ஒரு வரிகூடக் கிடையாது. அங்கே பிறந்து குடியுரிமை பெற்ற பிள்ளை வெறும் பிரெஞ்சுக் குடிமகன். எண்ணினால் பிரிவினை வளரும் என்பது அவர்கள் வாதம். எண்ணாவிட்டால் பாகுபாடு நடப்பதை எப்படிக் காட்டுவது என்பது எதிர்வாதம். எனக்கு இரண்டாவது பக்கம் கொஞ்சம் சாய்வு உண்டு. 1990இல் போனவர்களை 1981 அட்டவணை இல்லாமல் எப்படி எண்ணியிருப்போம்?

படிவம் கேட்காதது

கடைசியாக ஒன்று, கொஞ்சம் சங்கடமானது. 98 என்ற எண்ணைக் கேட்டு ‘அப்ப எல்லாம் ஒரே சனம்தானே’ என்று நினைக்கும் வெளியூர்க்காரர் எங்கள் ஒழுங்கைகளில் நடந்து பார்க்கவில்லை. இலங்கைக் குடிசன மதிப்பீடு சாதியைக் கேட்பதில்லை. ஊர் கேட்கும். எந்தக் கோயில், எந்தக் குறிச்சி, கலியாணம் எங்கே செய்தார்கள் என்று சுற்றி வளைத்துக் கேட்கும். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராடியவர்களும் உள்ளே விடமாட்டோம் என்று நின்றவர்களும் கணக்கெடுப்பில் ஒரே பெட்டி. பன்மைச் சுட்டெண் அந்தக் கோயில் வாசலில் பூச்சியம் என்று சொல்லும்.

ஆகவே கணக்குப் பிழை என்று நான் சொல்லவில்லை. அது கேட்ட கேள்விக்குச் சரியான பதில். நாங்கள்தான் கேட்காத கேள்விக்கும் அதையே பதிலாக எடுத்துக்கொள்கிறோம்.

அன்றைக்குப் பெரியம்மா வீட்டில் வேலை முடிய அரை மணித்தியாலம் ஆனது. ஐந்து அறை வீட்டில் வசிப்பவர் தொகை: 1. அந்தப் பிள்ளை தண்ணீர் குடித்துவிட்டு எழும்ப, பெரியம்மா விடவில்லை.

“கனடாவில இருக்கிற என்ர பிள்ளையளைப் போடமாட்டியளோ?”

“அவையை அங்க எண்ணுவினம் அம்மா.”

“அங்க என்னெண்டு எழுதுவினம்?”

அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தது. நான் ‘தெற்காசியர்’ என்று சொன்னேன். பெரியம்மாவுக்கு விளங்கவில்லை. “அது ஆர்?” என்று கேட்டுவிட்டுப் படலையைச் சாத்தப் போனார்.